நிவாசிக்கு இடமாற்றம்

கொட்டாஞ்சேனை,
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் மச்சானும் துஷாந்தினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஹப்புத்தளையில் குளிர் குறைந்ததா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று இங்கே முத்திரை விற்கிற அம்மா கேட்கிறார். "எங்க மச்சான் போனை ஸ்பீக்கர்ல போட்டாத்தான் அக்காவைப் பேச விடுவாரு, நடுவுல அவரும் பேசுவாரு" என்றேன். "அப்ப எழுதத்தான் வேணும்" என்று ஒத்துக்கொண்டார்.

வேலை போகிறது. வெள்ளவத்தையில் சேலைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் எங்கள் டப்பிங் ஸ்டூடியோ. கரையோர ரயில் போகும்போதெல்லாம் ஒலிப்பதிவை நிறுத்துவோம். விண்வெளியில் ரயில் ஓடக்கூடாதல்லவா? இப்போது செய்வது மூன்று பாகமுள்ள ஒரு வெளிநாட்டு விண்வெளிப் படம். முதல் பாகம் வருகிற ஞாயிறு மாலை டிவியில் வருகிறது. அவசியம் பாருங்கள்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. கதாநாயகனுடைய உண்மைப் பெயர் நாறி. கிரகங்களை விழுங்குகிற ராட்சத அட்டையின் பெயர் பிட்டு. எங்கள் முதலாளி சரோஜினிதேவி மேடம் யாழ்ப்பாணம். பார்த்ததும் தலையில் கைவைத்துவிட்டார். "தம்பி, பிட்டு வருது, ஓடுங்கோ எண்டு கத்தினால் சனம் ஓடாது, சாப்பிடக் கோப்பையோட வரும். பின்னேரத்துக்குள்ள எல்லாருக்கும் வேற பேர் வையும். வேற்றுக்கிரகப் பேர் மாதிரி இருக்கோணும்" என்றார்.

பின்னேரம் என்றால் மூன்று மணி நேரம். பதினான்கு பெயர்கள். எப்படியோ வைத்துவிட்டேன்.

மச்சானுக்கு என் அன்பு. குளிரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

உங்கள் தம்பி,
புஷ்பராஜ்


ஹப்புத்தளை,
20.02.2025

அன்புத் தம்பிக்கு அக்கா ராக்கம்மா எழுதுவது,

நாங்கள் எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடைச் சாப்பாடு உடம்புக்கு ஆகாது.

படம் பார்த்தோம். உன் மச்சான் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த அட்டை ஒரு கிரகத்தை முழுசாக விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டது. எல்லோரும் "மிசாலுவே! மிசாலுவே!" என்று அலறினார்கள். எனக்குத் தேத்தண்ணீர் புரையேறிவிட்டது.

அடே, நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஆட்களின் பெயரைத் திருப்பிச் சொல்லித் திட்டுவோமே, அது எனக்கு மறந்துபோகும் என்றா நினைத்தாய்? மிசாலுவேயைத் திருப்பினால் வேலுசாமி! தாலி கட்டின மனுசனை அட்டையாக்கிவிட்டாய். நல்ல வேளை, அவருக்கு அந்த விளையாட்டுத் தெரியாது. "என்னடி, அந்த அட்டை என்னைய மாதிரியே மூச்சு விடுது" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய அக்கா குப்பாயியையும் நீ விட்டுவைக்கவில்லை. வாளோடு வருகிற கிழட்டு ராணி யிப்பாகு. கதாநாயகன் தநாகயோ உன் கணக்கு மாஸ்டர் யோகநாதன். ஓயாமல் எச்சரிக்கை சொல்லிக்கொண்டே இருக்கும் கப்பல் கணினிக்கு மாம்கக்ரா என்று பெயர். அது நான். இதற்கு நேரில் வரும்போது பதில் உண்டு.

எல்லாம் சரி. தனியாக ஒரு நிலையத்தில் இருந்துகொண்டு, போகிற வருகிற கப்பல்களுக்கு வழி சொல்கிறாளே, நிவாசி என்ற பெண், அவள் யார்? நானும் திருப்பிப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் உன் வாயால் கேட்க ஆசை.

துஷாந்தினி மாமாவுக்கு அன்பு சொல்லச் சொன்னாள்.

அக்கா,
ராக்கம்மா


கொட்டாஞ்சேனை,
05.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அதுவே என்று நினைக்கிறேன்.

மன்னித்துவிடுங்கள். மூன்று மணி நேரத்தில் வேறென்ன செய்வது? முதலில் அகராதியைப் புரட்டினேன். ஒன்றும் வாயில் நுழையவில்லை. பிறகு ஊர் ஞாபகம் வந்தது, பேனா தானாக ஓடியது. மச்சானை அட்டையாக்கியது வேண்டுமென்றல்ல. விருந்துக்கு வந்தால் அவர் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு கூத்து. கிஷாந்த் என்று வெள்ளவத்தையில் ஒருவர், படங்களின் மறைபொருளை விளக்கி வீடியோ போடுகிறவர். நம்முடைய படத்தின் பெயர்களுக்கு நாற்பது நிமிடம் விளக்கம் கொடுத்திருக்கிறார். ஏதோ அழிந்துபோன மொழியில் மிசாலுவே என்றால் "சூரியனைக் குடித்தவன்" என்று அர்த்தமாம். யிப்பாகு என்றால் "முடிவில்லாத தாய்". மாம்கக்ரா என்றால் "பிரபஞ்சத்தின் மனச்சாட்சி". சந்தோஷமா அக்கா?

இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். சரோஜினிதேவி மேடத்துக்குக் கால் தரையில் இல்லை. "இவ்வளவு ஆழமாப் பேர் வைச்சிருக்கிறீர், எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே தம்பி" என்று எல்லோர் முன்னாலும் தட்டிக்கொடுத்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துவிட்டார்கள்.

கணக்கு மாஸ்டரைக் கண்டால் வணக்கம் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயடி வழுக்கும், கவனம்.

புஷ்பராஜ்


ஹப்புத்தளை,
10.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். எனக்கு ஒரு குறையும் இல்லை. பதில் எழுதப் பிந்திவிட்டது. வீட்டில் வேலை அதிகம்.

கிஷாந்த் என்பவரின் வீடியோவை உன் மச்சான் ஐந்து தடவை பார்த்துவிட்டார். தொழிற்சாலை லொறியில் தேயிலை ஏற்றுகிறவர்களையும் நிறுத்திவைத்துக் காட்டுகிறார். "சூரியனையே குடிச்சிருக்கான் பாரு, ஆம்பள" என்கிறார். அவருக்கு மிசாலுவேயைத்தான் பிடித்திருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

குப்பாயி அண்ணி போன வாரம் வந்து இரண்டு நாள் நின்றார். என் சமையலில் உப்பில்லை என்றார். முடிவில்லாத தாய்தான், சந்தேகமில்லை.

நீ எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய், ஒன்றைத் தவிர. நிவாசி யார்? தயவுசெய்து இந்தத் தடவை எழுதவும்.

சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள். மருத்துநீர் வைத்துக் குளி.

அக்கா


கொட்டாஞ்சேனை,
28.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் கையெழுத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். ழ எது, ள எது என்று இப்போது தெரிகிறது. வரிகூடச் சாய்வில்லை. கண்ணாடி மாற்றினீர்களா? "தயவுசெய்து" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தெட்டு வருடத்தில் உங்களிடமிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இரண்டாம் பாகம் முடிந்தது. மே பதினெட்டாம் திகதி வரும். ஒரு விஷயம் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அதில் நிவாசி செத்துப்போகிறாள். எதிரி ஒரு தீ ஈட்டியை எறிய, அது அவளுடைய நெஞ்சைத் துளைத்துக்கொண்டு போகிறது. "என் விளக்கை அணைக்காதீர்கள்" என்று சொல்லிச் சாக வேண்டும். நான்கு தடவை எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

மேடம் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் வசனத்தை மாற்றிவிட்டேன். இப்போது நிவாசி கண்ணை மூடுமுன், "எனக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. வேறு கிரகத்துக்குப் போகிறேன். சுகமாக இருங்கள்" என்று சொல்வாள். குரல் கொடுத்த பிள்ளை, "அண்ணா, நெஞ்சில இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கே" என்றாள். "அது பதக்கம்" என்றேன்.

செய்தது பிழைதான். ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

மச்சானின் முழங்கால் நோவு எப்படி?

புஷ்பராஜ்


ஹப்புத்தளை,
22.05.2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். கண்ணாடி மாற்றவில்லை. கவனமாக எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

இரண்டாம் பாகம் பார்த்தோம். நெஞ்சில் அடுப்பு அளவு ஓட்டையோடு அந்தப் பெண் இடமாற்றம் என்றதும் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சிரித்தார்கள். துஷாந்தினி மட்டும், "இல்லம்மா, உள்ளுக்கு ஏதோ அர்த்தம் இருக்கு" என்றாள். மறுநாளே கிஷாந்த் வீடியோ போட்டுவிட்டார். உயிர் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு மாறுவதைத்தான் இடமாற்றம் என்று சொல்லியிருக்கிறார்கள், எவ்வளவு பெரிய தத்துவம் என்று அழாத குறை. உன் அதிர்ஷ்டம்.

இன்னொரு விஷயம். உன் மச்சானோடு சின்னச் சண்டை. கோபத்தில், "நீங்கதான் அந்த மிசாலுவே, பேரைத் திருப்பிப் பாருங்க" என்று வந்துவிட்டது. அவர் பேப்பரில் எழுதி, திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டை உடைக்கப்போகிறார் என்று பயந்தேன். மனுசன் அந்தப் பேப்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறார்! "என் மச்சினன் கொழும்புல பெரிய ஆளு, என்னைய வச்சுத்தான் படமே." மூன்றாம் பாகத்தில் யிப்பாகு அவரைக் கொல்கிறாளாமே? அதை மட்டும் மாற்றச் சொல்கிறார். அக்கா கையால் சாகமாட்டாராம்.

நீ கிஷாந்துக்குக் கொடுத்த நேரடிப் பேட்டியையும் பார்த்தோம். மற்றப் பதின்மூன்று பேருக்கும் கூசாமல் பொய் விளக்கம் சொன்னாய். நிவாசி என்றால் என்ன என்று அவர் கேட்டதும் ஊமையாகிவிட்டாய். கமெராவைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு "தெரியாது" என்றாய். உலகத்துக்கே பொய் சொன்ன வாய்க்கு அந்த ஒன்று வரவில்லை.

இந்தத் தடவையும் நீ சொல்லாவிட்டால் இனி இங்கேயிருந்து கடிதம் வராது.

அக்கா


கொட்டாஞ்சேனை,
08.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இதை யாருக்கும் காட்ட வேண்டாம். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

சரி. சிவானிதான்.

பண்டாரவளை டியூஷனில் எனக்கு முன் வாங்கில் இருப்பாள். இரண்டு வருடம் அவளுடைய பின்னலைப் பார்த்துத்தான் நான் கணக்குப் படித்தேன். உயர்தரப் பரீட்சை முடிந்த அன்று நம் ஊர் பஸ் நிலையத்தில் அவளே கேட்டாள். "பாத்துக்கிட்டே இருக்கப் போறீங்களா? ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் வீட்ல இருப்பாரு. வந்து பேசுங்க" என்றாள். தீர்ந்தது கதை. அவ்வளவு தைரியம் அவளுக்கு.

நான் போனேன் அக்கா. சலவைச் சட்டை, ஒரு பெட்டி பிஸ்கட், எல்லாம் இருந்தது. அவர்கள் வாசல் படலை வரைக்கும் போனேன். நாய் குரைத்தது. திரும்பி வந்துவிட்டேன்.

நாய் கட்டித்தான் இருந்தது.

அந்த வாரமே கொழும்புக்கு ரயில் ஏறினேன். இன்டர்வியூ என்று உங்களிடம் சொன்னது பொய். இன்டர்வியூ மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று பத்தொன்பது வருடம் போய்விட்டது. யாராவது அவளுக்குக் கல்யாணம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து உங்களிடமும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

படத்தில் அந்தப் பெண் எல்லோருக்கும் வழி சொல்கிறாள். ஒரு கப்பலாவது நின்று "சாப்பிட்டாயா" என்று கேட்பதில்லை. அவளுக்குப் பெயர் வைக்கும்போது எனக்கு வேறு பெயரே வரவில்லை.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புஷ்பராஜ்


தபால் கந்தோர்,
ஹப்புத்தளை,
20.06.2025

திரு. புஷ்பராஜ் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அக்கா நலம், அதாவது இப்போது நலம். இந்தக் கடிதத்தை எழுதுவது அவர் அல்ல. ஏப்ரலிலும் மே மாதத்திலும் வந்த கடிதங்களை எழுதியதும் அவர் அல்ல.

மார்ச் மாதம் அக்கா குழாயடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று சொல்ல விடவில்லை. கட்டுப்போட்ட கையோடு தபால் கந்தோருக்கு வந்து, "தம்பிக்கு ஒரு கடிதம் எழுதித் தர்றியா" என்று கவுண்டரில் கேட்டார். கவுண்டரில் இருந்தது நான். ஜனவரியில்தான் வெலிமடையிலிருந்து இங்கே வந்தேன். அவர் சொன்னார், நான் எழுதினேன். "தயவுசெய்து" மட்டும் என்னுடையது.

நிவாசி யார் என்ற கேள்வியை நான் எதுவும் தெரியாமல்தான் எழுதினேன். எனக்கு அப்போது உங்கள் வீட்டு விளையாட்டுத் தெரியாது. மே மாதம் மிசாலுவேயைத் திருப்பியதை எழுதியபோதும் அதை என் பெயரோடு சேர்த்துப் பார்க்கவில்லை. போன கிழமை அக்கா உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து, "எனக்குக் கண் மங்கலா இருக்கு, நீயே வாசி" என்றார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். கைக்கட்டையும் மே மாதத் தொடக்கத்திலேயே அவிழ்த்துவிட்டார்கள். இன்னும் நடுங்குகிறது என்று சொல்லித்தான் போன கடிதத்தை எழுதவைத்தார்.

வாசித்தேன். இரண்டு தடவை. அடுப்பில் போடவில்லை.

நாய் கட்டித்தான் இருந்தது என்று நீங்களே எழுதியிருப்பதால் அதைப் பற்றி நான் பேசவில்லை. அன்றைக்கு நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். நீல நிறச் சட்டை. பிஸ்கட் பெட்டி தெரியவில்லை, இப்போதுதான் அறிகிறேன். அண்ணனுக்கு ஆட்டிறைச்சி சமைத்திருந்தோம். மிச்சத்தை அந்த நாய்க்குத்தான் போட்டேன்.

நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடம் வந்தது, சரிவரவில்லை. அதற்குக் காரணம் நீங்கள் அல்ல. அவ்வளவு பெரிய ஆள் நீங்கள் இல்லை.

முத்திரையைக் கொஞ்சம் நேராக ஒட்டவும்.

சி. சிவானி


ஹப்புத்தளை,
03.08.2025

தம்பி,

ஆறு கிழமையாகிறது. செத்துப்போனாயா, இடமாற்றமா?

இது என் சொந்தக் கை. எழுத்துக் கோணல் என்று சொன்னால் உதைப்பேன். ஓம், நான்தான் செய்தேன். உன் வாயிலிருந்து வராததை வேறு எப்படி எடுப்பது? நீ ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ் நிலையத்தில் இறங்காமல் ஒரு ஹோல்ட் தள்ளி இறங்கி நடந்து வருவாயே, ஏன் என்று எனக்குத் தெரியாதா?

அந்தப் பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கொழும்புத் தபால் பை வந்தால் தானே அவிழ்க்கிறாள். முன்பெல்லாம் பியூன்தான் அவிழ்ப்பான்.

என் கை சுகம். உன் மச்சான் சுகம். நீதான் எப்படி என்று தெரியவில்லை.

அக்கா


கொட்டாஞ்சேனை,
17.08.2025

அன்புள்ள சிவானிக்கு,

வணக்கம். நலமா?

இது பதினோராவது கடிதம். முதல் பத்தும் குப்பைக் கூடையில் இருக்கின்றன. அவற்றில் காரணங்கள் இருந்தன. இதில் இல்லை.

படலையில் திரும்பியது பிழை. அதைவிடப் பெரிய பிழை, திரும்பிய பிறகு ஒரு வரிகூட எழுதாதது. நீங்கள் ஜன்னலில் நின்றீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டாம், திட்டுவார்.

நீங்கள் விரும்பினால் நான் ஹப்புத்தளைக்கு வருகிறேன். கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கிறேன். எந்த நாய் குரைத்தாலும் சரி.

முத்திரையை அடிமட்டம் வைத்து நேராக ஒட்டியிருக்கிறேன்.

புஷ்பராஜ்


ஹப்புத்தளை,
02.09.2025

புஷ்பராஜுக்கு,

நலம். இங்கே வர வேண்டாம். கவுண்டருக்கு முன்னால் ஊரே நிற்கும்.

23, 24, 25 ஆகிய நாட்களில் எனக்குக் கொழும்பில் பயிற்சி வகுப்பு. 25ஆம் திகதி இரண்டு மணிக்கு முடிந்துவிடும். இரவு ரயிலில் திரும்புகிறேன். உங்கள் ஸ்டூடியோ சேலைக் கடைக்கு மேல் மூன்றாம் மாடி என்று அக்கா சொன்னார். எந்தச் சேலைக் கடை என்று எழுதவும். காலி வீதி முழுக்கச் சேலைக் கடைதான்.

சாப்பிடவும்.

சிவானி


கொட்டாஞ்சேனை,
27.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மிகவும் நலம். உங்கள் கையை நம்பி நீண்ட கடிதம் எழுதுகிறேன், நீங்களும் நீண்ட பதில் எழுத வேண்டும்.

நேற்று முன்தினம் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் பாகம் நிவாசியின் செத்தவீட்டோடு தொடங்குகிறது. இது எனக்கு முன்பே தெரியாது. இரண்டாம் பாகத்தில் அவளுக்கு இடமாற்றம் கொடுத்துவிட்டேனே, இப்போது எப்படிச் செத்தவீடு வைப்பது? வேறு வழியில்லாமல் அதைப் பிரியாவிடைக் கூட்டமாக எழுதிவிட்டேன். இந்தத் தடவை மேடம் யாழ்ப்பாணத்தில் இல்லை. மூன்று மணிக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, இடமாற்றம் கிடைச்ச பிள்ளைக்கு ஏன் மலர்வளையம்?"

"பிரியாவிடை, மேடம்."

"எல்லாரும் ஏன் குழறி அழுகினம்?"

"நல்ல அதிகாரி."

"அந்தப் பெட்டிக்குள்ள என்ன?"

"சாமான்கள்."

"மூடி திறந்து கிடக்கு. பிள்ளை உள்ளுக்குப் படுத்திருக்கு."

"பயணக் களைப்பு, மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். படக் கொம்பனி ஆட்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டு நீண்ட மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்களாம். "தத்துவம் எண்டு அந்தக் கிஷாந்த் சொன்னதை நானும் நம்பி, ஆக்களுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டனான். இந்தப் பிள்ளை செத்தால் உமக்கு என்ன? ஒரு காரணம் சொல்லும். இல்லையெண்டால் நாளையில இருந்து வர வேண்டாம்" என்றார்.

அந்த நேரம் கதவு திறந்தது. மூன்று மாடி ஏறிய மூச்சோடு, கையில் பயணப் பையோடு, சிவானி. நெற்றியோரம் கொஞ்சம் நரைத்திருக்கிறது. மற்றபடி அதே பார்வை.

"இது ஆர்?" என்று மேடம் கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல நேரமிருந்தது அக்கா. மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். "இவங்கதான் நிவாசி" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் அட்டையானது, பெயர்களைத் திருப்பியது, பஸ் நிலையம், படலை, நாய். நின்றபடியே சொன்னேன். குரல் கொடுக்க வந்த பிள்ளைகளெல்லாம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று கேட்டார்கள். ஒலிவாங்கி திறந்திருந்தது எனக்குத் தெரியாது.

மேடம் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு சிவானியைப் பார்த்து, "அப்ப, இந்த மனுசன் உம்மைச் சாகவிடேலாமத்தான் என்ர படத்தைப் பாழாக்கினது" என்றார்.

சிவானி திரையைப் பார்த்தாள். பெட்டிக்குள் அந்தப் பெண் படுத்திருந்தாள். "அவ செத்தே போகட்டுங்க மேடம்" என்றாள். "சினிமாதானே. நான் நல்லாத்தான் இருக்கேன்." என் பக்கம் திரும்பி, "சரியா எழுதிக் குடுங்க. இத்தனை பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றாள்.

மூலையில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் எழுதினேன் அக்கா. இரண்டாம் பாகத்துச் சாவையும் மூன்றாம் பாகத்துச் செத்தவீட்டையும் ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். "என் விளக்கை அணைக்காதீர்கள்" என்ற வசனத்தை ஒலிப்பதிவு செய்யும்போது கரையோர ரயில் வந்துவிட்டது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, ரயில் போகும் வரைக்கும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேடம் புறப்படும்போது, "நாளைக்கு ஒன்பது மணிக்கு வாரும். பிந்தாதையும்" என்றார்.

பிறகு கோட்டை ரயில் நிலையத்துக்கு பஸ் ஏறினோம். சனநெரிசல். சிவானிக்கு ஓர் இருக்கை கிடைத்தது. பக்கத்தில், மடியில் கீரைக்கட்டோடு ஓர் அம்மா. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயிற்சி எப்படி என்று கேட்டேன். நல்லது என்றாள். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். உறைப்பு என்றாள். பம்பலப்பிட்டியில் டிரைவர் திடீரென்று பிரேக் போட, எஞ்சின் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று நான் ஓங்கிய குரலில், "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது.

"மெதுவாக் கேக்கத் தெரியாதா?" என்றாள் சிவானி.

"மெதுவாக் கேட்டிருந்தால் உமக்குக் கேட்டிருக்காது பிள்ளை. அவர் சரியாத்தான் கேட்டவர்" என்றார் கீரைக்கட்டு அம்மா.

சிவானி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் மறுபடி கிளம்பியது. கடைகள், சிக்னல், ஒரு கோயில், எல்லாம் போயின. கொள்ளுப்பிட்டி வந்தது. அந்த அம்மா எழும்பினார், ஆனால் இறங்கவில்லை.

"பிள்ளை, நான் இதில இறங்கோணும். பதிலைக் கேட்டிட்டுத்தான் இறங்குவன்."

கண்டக்டர், "நங்கி, இக்மன் கரன்ன" என்று சிங்களத்தில் அவளை அவசரப்படுத்தினான். தமிழ் தெரியாவிட்டாலும் அவனுக்கும் விளங்கியிருந்தது.

"சரி" என்றாள் சிவானி.

"எனக்குச் சொல்லுறீரோ, அவருக்கோ?" என்றார் அம்மா.

"ரெண்டு பேருக்குந்தான்."

அம்மா இறங்கினார். கீழே நின்றவர்களிடம் என்னவோ சொன்னார். அவர்களும் எட்டிப் பார்த்துக் கை காட்டினார்கள். கண்டக்டர் என் முதுகில் தட்டி "சுப பத்தனவா, அய்யே" என்று வாழ்த்திவிட்டு மணியை இழுத்தான்.

தைப் பொங்கலுக்குப் பிறகு நாள் பார்க்கச் சொல்லி அவள் அண்ணனிடம் பேச வருகிறேன். நீங்களும் மச்சானும் கூட வர வேண்டும்.

ஆகவே அக்கா, இந்தச் செய்தி முதலில் தெரிந்தது பெயர் தெரியாத ஓர் அம்மாவுக்கு. அடுத்தது ஒரு கண்டக்டருக்கு. பிறகு கொள்ளுப்பிட்டி ஹோல்டில் நின்ற ஏழெட்டுப் பேருக்கு. அதற்குப் பிறகுதான் நீங்கள். கோபிக்க வேண்டாம்.

உங்கள் அன்புத் தம்பி,
புஷ்பராஜ்